ரம்பத்தை மரத்திடம் கொண்டு போனவர்

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. தெருவுக்குத் தெரு மரங்கள் வேரோடு சாய்ந்தன. இரண்டு ஆண்டு கழித்து, 2018 நவம்பரில் கஜா புயல். டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டைப் பக்கமும் தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின.

இரண்டு புயலுக்கும் மறுநாள் காதில் விழுந்தது ஒரே சத்தம். மரம் அறுக்கும் யந்திரத்தின் சத்தம்!

கோடரி கொண்டு வெட்டினால் அரைநாள் பிடிக்கும் மரத்தை அந்த யந்திரம் சில நிமிஷத்தில் துண்டு போட்டுவிடுகிறது. தோட்டமும் தோப்பும் உள்ளவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஓர் ஆசை வருவது இயற்கை. வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்தால் என்ன?

வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது? எது நம்பத்தக்கது? கடைக்குப் போனால் ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று கலர் கலராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையும் சில ஆயிரத்திலிருந்து பல பத்தாயிரம் வரை ஏறுகிறது.

இந்த யந்திரத்தோடு 47 வருஷம் போராடிய ஒரு மனிதர் ஜெர்மனியில் இருந்தார். அவர் கதையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அவர் பெயர் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல்.

(இந்தப் பெயருக்கும் எஃகு என்று பொருள்படும் இங்கிலீஷ் சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை. இதே ஓசையுள்ள ஒரு ஜெர்மன் சொல் உண்டு. அதற்குக் 'கைப்பிடி' என்று அர்த்தம். பெயர்ப் பொருத்தம் எப்படி!)

கொதிகலன் வேலை

ஷ்டீல் 1896-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி சுவிட்சர்லாந்து நாட்டில் ஜூரிச் நகரில் பிறந்தார். ஜெர்மனியில் ஐசனாக் என்ற ஊரில் யந்திரத் தொழில் படித்தார்.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. 1923-ல் ஒரு ரொட்டி வாங்கக் கட்டுக் கட்டாக நோட்டு கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டகாலத்தில்தான் ஷ்டீல் ஸ்டட்கார்ட் நகரில் தொழில் தொடங்கினார். நீராவிக் கொதிகலன்களுக்கு வேண்டிய அடுப்புச் சாதனங்களைச் செய்து விற்பது அவர் வேலை.

இந்த வேலையாக மர ஆலைகளுக்குப் போக நேர்ந்தது. ஆலைகளில் பெரிய பெரிய ரம்பங்கள் நீராவியால் ஓடிக்கொண்டிருந்தன. மரம் உள்ளே போகும், பலகையாக வெளியே வரும். ஆனால் காட்டிலே? அங்கே பாட்டன் காலத்து வழக்கம் மாறவே இல்லை. நீளமான ரம்பத்தின் இரு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மாற்றி மாற்றி இழுத்தார்கள். பனியிலும் குளிரிலும் முழங்கால் போட்டு, நாள் முழுதும் இழுத்தார்கள்.

ஆலைக்குள்ளே யந்திரம். காட்டிலே மனிதன் முதுகு. இந்த வேற்றுமையை ஷ்டீல் பார்த்தார். எவ்வளவு பெரிய மரமானாலும் அதை ரம்பத்திடம் கொண்டுவருகிறார்கள். ரம்பத்தை மரத்திடம் கொண்டுபோனால் என்ன? அன்று அவர் மனத்தில் விழுந்த விதை இதுதான்.

ரம்பத்தைச் சங்கிலியாகச் செய்யும் யோசனை அவருடையது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது டாக்டர்களிடமிருந்து வந்தது. 1830-ம் ஆண்டு வாக்கில் வூர்ட்ஸ்பர்க் நகரில் பெர்னார்ட் ஹைனே என்ற வைத்திய நிபுணர், கையால் சுற்றும் சின்னச் சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்தார். மரம் அறுக்க அல்ல, மனிதர் எலும்பை அறுக்க! பிறகு பல நாடுகளில் பலர் மரத்துக்குச் சங்கிலி ரம்பம் செய்து பார்த்தார்கள். ஒன்றும் காட்டில் நிலைக்கவில்லை.

64 கிலோ பாரம்

1926-ல் ஷ்டீல் தம் பெயரிலேயே ஸ்டட்கார்ட்டில் ஒரு கம்பெனி தொடங்கினார். அப்போது வயது 30. அந்த வருஷமே முதல் யந்திர ரம்பம் வெளிவந்தது.

அது மின்சாரத்தில் ஓடியது. எடை 64 கிலோ! நெல் மூட்டை கனம். இரண்டு ஆட்கள் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினால்தான் உண்டு. மரக்கிடங்குகளில் விழுந்து கிடக்கும் மரத்தைத் துண்டு போட அது நன்றாக உதவிற்று. காட்டுக்கு உதவவில்லை. காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது?

ஆகவே பெட்ரோல் எஞ்சின் தேவைப்பட்டது. இதிலும் அவருக்கு முன்பே ஒருவர் ஓடிவிட்டார். எமில் லெர்ப் என்ற மற்றொரு ஜெர்மானியர் 1927-ல் பெட்ரோல் ரம்பம் செய்து, டோல்மார் என்ற மலையில் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரையே தம் கம்பெனிக்கும் வைத்தார். ஷ்டீலின் பெட்ரோல் ரம்பம் 1929-ல் வந்தது. 6 குதிரைச் சக்தி, எடை 46 கிலோ. இதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

முந்தியவர் லெர்ப். ஆனால் ஷ்டீல் சளைக்கவில்லை. யந்திரத்தை விற்றதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. ரம்பம் காட்டில் நின்றுபோனால் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் தொழிற்சாலையால் என்ன பிரயோஜனம்? பக்கத்தில் பழுது பார்க்க ஒருவர் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும். அந்தக் கம்பெனி இன்றுவரை, பழுது பார்க்கத் தெரிந்த வியாபாரிகள் மூலமாகவே ரம்பங்களை விற்று வருகிறது.

வீட்டுக்கு வாங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். எந்தக் கம்பெனி ரம்பம் என்பது அப்புறம். உங்கள் ஊரில், அல்லது பக்கத்து டவுனில், அதைப் பழுது பார்ப்பவர் உண்டா? சங்கிலி, ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு இவை எல்லாம் கிடைக்குமா? கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவானாலும் வாங்கவேண்டாம். ஒரு கயிறு அறுந்ததற்காக மூலையில் கிடக்கும் ரம்பங்கள் ஏராளம்.

கறை

1930-க்குப் பிறகு ஷ்டீலின் ரம்பங்கள் ரஷ்யாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறின. தொழில் வளர்ந்தது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் வந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். 1933-ல் ஷ்டீல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பிறகு எஸ்.எஸ். என்ற கறுப்புச் சட்டைப் படையிலும் உறுப்பினர் ஆனார். அந்தப் படை செய்த கொடுமைகளை உலகம் அறியும். காட்டு வேலையாளின் முதுகுவலியைக் கண்டு இரங்கிய மனிதர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்? தொழிலைக் காப்பாற்றவா, பதவி ஆசையா, நம்பிக்கையா? எதுவானாலும் கறை கறைதான். சிறந்த யந்திரம் செய்தார் என்பதால் அது அழிந்துவிடாது.

இரண்டாவது உலகப் போரில் அவருடைய ஸ்டட்கார்ட் தொழிற்சாலை குண்டு வீச்சில் நாசமாயிற்று. வேலை பக்கத்திலுள்ள வைப்ளிங்கன் என்ற ஊருக்கு மாறியது. 1945-ல் ஜெர்மனி தோற்றது. வெற்றி பெற்ற நேசநாட்டார் ஷ்டீலைக் கைது செய்து முகாமில் அடைத்தார்கள். 1948-ல்தான் அவர் வெளியே வந்தார். அப்போது வயது 50-ஐத் தாண்டிவிட்டது.

ஒரு புழு கற்றுக்கொடுத்த பாடம்

அவர் முகாமில் அடைபட்டிருந்த காலத்தில், உலகின் மறுகோடியில் ஓர் அதிசயம் நடந்தது.

அமெரிக்காவில் ஆரகன் என்ற மாகாணம். அங்கே ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி இருந்தார். 1946-ல் குளிர் தொடங்கிய ஒரு நாள் விறகு பிளந்துகொண்டிருந்தார். கட்டைக்குள் விரல் பருமனுள்ள ஒரு வண்டுப் புழு இருந்தது. அது மரத்தைத் தின்றுகொண்டே போயிற்று. நார் ஓடும் திசையிலும் போயிற்று, குறுக்கேயும் போயிற்று. அதற்குத் தடையே இல்லை!

காக்ஸ் அந்தப் புழுவை உற்றுப் பார்த்தார். அதன் தாடைகள் இரண்டும் வளைந்து இருந்தன. ஒன்று இடப் பக்கம் சீவியது, மற்றது வலப் பக்கம் சீவியது.

அந்நாளில் சங்கிலி ரம்பத்தின் பற்கள் கைரம்பத்தின் பற்கள் மாதிரியே கூராக நின்றன. அவை மரத்தைக் கீறின. சீக்கிரம் மழுங்கின. மறுபடி தீட்டுவதற்கு வெகு நேரம் ஆயிற்று. காக்ஸ் தம் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, புழுவின் தாடை போலவே வளைந்த பல் செய்தார். ஒரு பல் இடப்புறம் சீவும், அடுத்த பல் வலப்புறம் சீவும். 1947-ல் அந்தச் சங்கிலி விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் ரம்பங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அந்தப் புழுவின் தாடைதான் இருக்கிறது.

எவ்வளவு உயர்ந்த எஞ்சினானாலும் மரத்தைத் தொடுவது சங்கிலிதானே! சங்கிலி மழுங்கிவிட்டதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. அறுக்கும்போது கீழே விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. மாவு மாதிரி தூளாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலியை அமுக்கி அமுக்கி அறுக்கக் கூடாது. ஆளுக்கும் ஆபத்து, எஞ்சினுக்கும் கேடு. சங்கிலிக்குத் தக்க அளவில் ஓர் உருண்டை அரம் வாங்கி வைத்து, தீட்டப் பழகிக்கொள்ள வேண்டும். மண்ணில் பட்டால் போதும், ஒரு நொடியில் கூர் போய்விடும். விழுந்த மரத்தை அறுக்கும்போது அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துத் தூக்கிவைத்து அறுப்பது இதனால்தான்.

ஒரே ஆள் போதும்

முகாமிலிருந்து திரும்பிய ஷ்டீல் சும்மா இருக்கவில்லை. 1950-ல் ஒரே ஆள் தூக்கி அறுக்கும் பெட்ரோல் ரம்பத்தைக் கொண்டுவந்தார். எடை 16 கிலோ. 1954-ல் அது 11 கிலோவாகக் குறைந்தது.

1959-ல் வந்தது 'கான்ட்ரா'. அவருடைய பெயரை உலகமெங்கும் கொண்டுபோன ரம்பம் இதுதான். அதுவரை எஞ்சினுக்கும் சங்கிலிக்கும் நடுவில் பல்சக்கரங்கள் இருந்தன. கான்ட்ராவில் அவை இல்லை. எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே சங்கிலியும் பறந்தது. சக்தி 6 குதிரை. எடை சுமார் 12 கிலோ. முப்பது வருஷத்துக்கு முன் 46 கிலோ சுமந்து பெற்ற சக்தியை இப்போது கால் பங்கு எடையில் பெற்றார்கள்! அமெரிக்காவில் அதற்கு மின்னல் என்று பெயர் வைத்து விற்றார்கள்.

அந்த ஆண்டுகளில் கார்புரேட்டரும் மாறியது. பழைய கார்புரேட்டரில் மிதவை இருந்தது. ரம்பத்தைச் சாய்த்தால் பெட்ரோல் ஒழுங்காகப் போகாது, எஞ்சின் நின்றுவிடும். மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்தது. ரம்பத்தை எப்படித் திருப்பினாலும் ஓடியது. நிற்கும் மரத்தையும் படுத்த மரத்தையும் ஒரே ரம்பம் அறுத்தது.

இன்று வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பெட்ரோல் ரம்பம் நாலைந்து கிலோதான். எஞ்சின் 30 முதல் 40 சி.சி. இருந்தால் போதும். சங்கிலி ஓடும் இரும்புப் பட்டை 12 முதல் 16 அங்குலம் இருக்கலாம். கிளை கழிக்கவும், விறகு போடவும், விழுந்த தென்னையைத் துண்டாக்கவும் இது போதும். பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைப்பது தவறு. பெரிய ரம்பம் கையைச் சோர வைக்கும். சோர்ந்த கையில்தான் விபத்து நடக்கும். டப்பாவின் மேல் பெரிய பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சி.சி. கணக்கைக் கண்டு மயங்காதீர்கள். கையில் எடுத்து, தூக்கி, நீட்டிப் பாருங்கள். ஐந்து நிமிஷம் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மாதம் ஒருமுறை நாலு கிளை கழிப்பவருக்குப் பெட்ரோலே வேண்டாம். பேட்டரியில் ஓடும் ரம்பம் போதும். சத்தம் குறைவு, புகை இல்லை, பொத்தானை அமுக்கினால் ஓடும். தோப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் பெட்ரோல் ரம்பம்.

பெட்ரோல் ரம்பத்துக்கு எண்ணெய் இரண்டு வகை என்பதை மறக்கக் கூடாது. ஒன்று பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்டிரோக் எண்ணெய். இப்போதைய ரம்பங்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் ரம்பத்தின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். மற்றொன்று சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய். அதற்குத் தனித் தொட்டி உண்டு. முதல் எண்ணெயை மறந்தால் எஞ்சின் இறுகிப் போகும். இரண்டாவதை மறந்தால் சங்கிலியும் பட்டையும் சூடேறித் தேய்ந்துபோகும். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் விட்டுவைப்பதும் கெடுதல். அடுத்த புயலுக்கு எடுத்து இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது. பிறகு ரம்பத்தைத் திட்டி என்ன பயன்?

வெள்ளை விரலும் உதைக்கும் ரம்பமும்

ரம்பம் லேசானதும் வேகம் கூடிற்று. வேகம் கூடியதும் இரண்டு புதிய துன்பங்கள் வந்தன.

முதல் துன்பம் நடுக்கம். எட்டு மணி நேரம் ரம்பம் பிடித்த காட்டு வேலையாட்களின் விரல்கள் குளிர்காலத்தில் வெளுத்து மரத்துப்போயின. ரத்த ஓட்டம் நின்றது. சிலருக்குச் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியவில்லை. இதற்கு வெள்ளை விரல் நோய் என்றே பெயர் வந்தது. 1960-க்குப் பின் ஷ்டீல் கம்பெனி எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ரப்பர் வைத்து நடுக்கத்தைக் குறைத்தது. பெயரிலேயே கைப்பிடி உள்ளவர் கடைசியில் கைப்பிடிக்கே வந்து சேர்ந்தார்!

இரண்டாவது துன்பம் உயிருக்கே ஆபத்து. பட்டையின் நுனியில், மேல் பாதி ஏதாவது ஒரு கட்டையில் பட்டுவிட்டால் ரம்பம் அப்படியே மேலே துள்ளி, பிடித்தவர் முகத்துக்கு நேராகத் திரும்பும். கண் இமைக்கும் நேரத்துக்குள் இது நடந்துவிடும். பலமுள்ளவர் இறுக்கிப் பிடித்தாலும் தடுக்க முடியாது. எத்தனையோ அனுபவசாலிகள் இப்படி மாண்டிருக்கிறார்கள்.

இதற்குத்தான் சங்கிலி பிரேக் வந்தது. முன் கைப்பிடிக்கு முன்னால் கவசம் போல் ஒன்று நிற்கும். ரம்பம் துள்ளும்போது கை அதன்மேல் மோதும். உடனே சங்கிலி நின்றுவிடும். நல்ல ரம்பங்களில் கை படாமலே, துள்ளிய வேகத்திலேயே பிரேக் விழும். ஷ்டீலின் ரம்பங்களில் இது 1970-க்குப் பின், அவருடைய கடைசி ஆண்டுகளில் வந்தது.

ஆகையால் கடையில் ரம்பத்தை எடுத்ததும் அந்தக் கவசத்தை முன்னால் தள்ளிப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழுந்த பின் சங்கிலியைக் கையால் நகர்த்த முடியக் கூடாது. (எஞ்சின் ஓடாதபோதுதான், கையுறை போட்டுக்கொண்டு!) அடுத்து, எஞ்சினை ஓட்டச் சொல்லி விசையை விட்டுவிடச் சொல்லுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சங்கிலி நிற்க வேண்டும். ஓடினால் கார்புரேட்டரைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். கைப்பிடி இரண்டும் மேலேயே இருக்கும் குட்டி ரம்பங்கள் விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். அவை மரம் ஏறி வேலை செய்யும் பழகிய தொழிலாளிகளுக்காகச் செய்தவை. வீட்டுக்கு ஆகாது.

உடையையும் சொல்லவேண்டும். வேட்டி, லுங்கி, தொங்கும் துண்டு கூடவே கூடாது. காலுக்குப் பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, தலைக்குக் கவசம் வேண்டும். ரம்பத்துக்குப் பத்தாயிரம் கொடுப்பவர் இதற்கு ஆயிரம் கொடுக்கத் தயங்குகிறார். இதில் கஞ்சத்தனம் பார்க்காமல் இருப்பது வீட்டுப் பெண்களின் பொறுப்பு என்றுகூடச் சொல்வேன். அவர்கள் கேட்டால்தான் வீட்டில் நடக்கும். தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும், தனியாக ஆளில்லாத தோப்பில் அறுப்பதும் வேண்டவே வேண்டாம். நிற்கும் பெரிய மரத்தைச் சாய்க்க, தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கடைசி நாட்கள்

1960-ம் ஆண்டு அளவில் ஷ்டீலின் மகன் ஹன்ஸ் பீட்டரும் மகள் ஏவாவும் கம்பெனிக்கு வந்தார்கள். மகன் யந்திரப் பக்கம், மகள் கணக்குப் பக்கம். 1971-ல் உலகிலேயே மிக அதிகமாக விற்கும் சங்கிலி ரம்பம் ஷ்டீலின் ரம்பம் என்ற நிலை வந்தது.

1973-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி அவர் இறந்தார். வயது 76. மகன் தலைமை ஏற்றார். வைப்ளிங்கனில் கம்பெனி இன்றும் இருக்கிறது. கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் அடுக்கி வைத்திருக்கும் ரம்பங்களில் அவருடைய பெயரைக் காணலாம். பக்கத்திலேயே மற்ற கம்பெனிகளின் ரம்பங்களும் இருக்கும். நல்லவை அவற்றிலும் உண்டு. எதை எடுத்தாலும் பிரேக்கை முதலில் தள்ளிப் பாருங்கள்.